டுசல்டோர்ஃபில் முதல் ராமென்: வரிசையில் நிற்பதிலிருந்து கிண்ணத்தை வைப்பது வரை

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்து முன்வாசலிலிருந்து கிளம்பும் தெருக்களில் ஒன்று இம்மர்மான்ஷ்ட்ராஸெ. அதில் ஐந்து நிமிடம் நடப்பதற்குள் கடைப் பலகைகளில் ஜெர்மன் குறைந்து ஜப்பானிய எழுத்து கூடிவிடும். 2021 கடைசியில் தெருப்பெயர்ப் பலகைக்கே ஜப்பானிய எழுத்து வந்துவிட்டது. ஐரோப்பாவில் முதல்முறையாக நல்ல ராமென், அதாவது சூப்போடு கிண்ணத்தில் வரும் ஜப்பானிய நூடுல்ஸ், சாப்பிட எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் இந்தத் தெருவைத்தான் சொல்வேன். ஆஹனிலும் கொலோனிலும் டூயிஸ்புர்கிலும் படிக்க வந்த நம் பிள்ளைகள், வேலைக்கு வந்தவர்கள், ஊரிலிருந்து பார்க்க வந்த உறவுக்காரர்கள் என்று பலரைக் கூட்டிப்போயிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரித் தயக்கம்தான். உள்ளே போனால் என்ன கேட்பார்கள், எதில் பன்றி, எதில் கோழி, குச்சியை எப்படிப் பிடிப்பது, சாப்பிட்டபின் எவ்வளவு நேரம் உட்காரலாம். ரயிலில் வைத்து அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாரிஸ், லண்டன், பெர்லின் எல்லாம் இருக்க ஏன் இந்த ஊர்? போருக்குப் பிறகு நாட்டை மறுபடி கட்டிக்கொண்டிருந்த ஜப்பானுக்கு எஃகும் இயந்திரங்களும் வேதிப்பொருள்களும் தேவைப்பட்டன. அவை கிடைத்த ரூர் தொழிற்பகுதியின் வணிக வாசல் டுசல்டோர்ஃப். 1950களிலேயே ஜப்பானியக் கம்பெனிகள் இங்கே அலுவலகம் போடத் தொடங்கின. 1971இல் ஜப்பானியப் பள்ளி வந்தது. 1978இல் இம்மர்மான்ஷ்ட்ராஸெயில் ஜெர்மன்-ஜப்பானிய மையம் எழுந்தது. சில வருட மாற்றலில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கியவர்களுக்கு ஊர்ச் சாப்பாடு வேண்டியிருந்தது. மளிகைக்கடை, ரொட்டிக்கடை, புத்தகக்கடை, ராமென் கடை எல்லாம் அவர்களை நம்பித்தான் பிறந்தன. இன்றைக்கும் மதிய வேளையில் பக்கத்து மேசையில் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஜப்பானிய ஊழியர்கள் சாப்பிடுவதைப் பார்க்கலாம். சொந்த ஊர் ருசி தெரிந்த ஆள் தினமும் வந்து உட்காரும் கடையில் சமையல்காரர் கை தளர முடியாது. நல்ல கடைக்கு நான் பார்க்கும் முதல் அடையாளமும் அதுதான்.

கிளம்புவதற்கு முன்: கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது

பாக்கெட் நூடுல்ஸைத் தெரிந்தவர்கள் ராமெனையும் தெரியும் என்று நினைக்கிறார்கள். 1958இல் ஆண்டோ மொமொஃபுகு உடனடி ராமெனைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, கடை ராமெனுக்கு ஏற்கெனவே அரை நூற்றாண்டு வயதாகியிருந்தது. சீனச் சமையலிலிருந்து வந்த உணவு இது. 1910இல் தோக்கியோவின் அசாகுசாவில் திறந்த ராய்ராய்கென் என்ற கடை, யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களை வரவழைத்து இதைச் சாதாரண மக்களிடம் கொண்டுசேர்த்தது. அதன்பின் ஜப்பானின் ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு பக்குவம் பிடித்துக்கொண்டது.

கிண்ணத்தில் ஐந்து பாகம் உண்டு. எலும்பையோ கோழியையோ மீனையோ கொதிக்கவைத்து எடுத்த சூப். கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றும் உப்புச்சாறு. இதற்குத் தாரே என்று பெயர். மேலே மிதக்கும் வாசனை எண்ணெய். நூடுல்ஸ். கடைசியாக மேலே அடுக்குபவை. மெனுவைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புவதற்குக் காரணம், சில பெயர்கள் தாரேயைக் குறிக்கும், சில பெயர்கள் சூப்பைக் குறிக்கும் என்பதுதான். ஷியோ என்றால் உப்புத் தாரே, ஷோயு என்றால் சோயா சாஸ் தாரே, மிசோ என்றால் புளிக்கவைத்த சோயா விழுதுத் தாரே. டோன்கொட்சு என்பது மட்டும் சூப்பின் பெயர். அதற்குப் பன்றி எலும்பு என்று பொருள். ஆகவே "ஷோயு ராமென்" என்று எழுதியிருப்பதை வைத்து அதற்குள் இருக்கும் சூப் கோழியா பன்றியா என்று சொல்லவே முடியாது. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால் பாதி மெனு புரிந்துவிடும்.

டோன்கொட்சு சூப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அதில் பால் கிடையாது. நம் வீட்டில் ஆட்டுக்கால் சூப்பைச் சிறுதீயில் வைப்போம். அவர்கள் பன்றி எலும்பைப் பத்து மணி நேரத்துக்கு மேல் தளதளவென்று கொதிக்கவிடுகிறார்கள். எலும்பிலிருந்து இறங்கும் பசையும் கொழுப்பும் அந்தக் கொதியில் தண்ணீரோடு ஒன்றாகக் கலந்து வெளுத்துவிடுகின்றன. ஆட்டுக்கால் சூப் குடித்தபின் உதடு லேசாக ஒட்டுமே, அதே ஒட்டல் இதிலும் உண்டு. கியூஷு தீவின் குருமே ஊரிலும் ஹகாட்டாவிலும் வளர்ந்த பக்குவம் இது. வாசனை கொஞ்சம் முரட்டுத்தனமானது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

நூடுல்ஸைப் பற்றியும் ஒன்று. அதன் மஞ்சள் நிறத்தைப் பார்த்து முட்டை சேர்த்தது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் கன்சுயி என்ற காரநீர். அப்பள மாவில் நாம் அப்பளக்காரம் சேர்க்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே சங்கதி. சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும். கோதுமை மாவு அந்தக் காரம் பட்டு மஞ்சளாகிறது, இழுத்தால் இழுபடும் விறைப்பும் அதிலிருந்துதான் வருகிறது. சில கடைகளில் முட்டையும் சேர்ப்பதுண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிடுவது நல்லது.

எந்தக் கடை, எந்த நேரம்

இம்மர்மான்ஷ்ட்ராஸெயில் தகுமி, தகேசோ, குறுக்கே போகும் ஓஸ்ட்ஷ்ட்ராஸெயில் நானிவா. இந்த மூன்று பெயரையும் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்னும் பல கடைகள் உண்டு. எது சிறந்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. வரிசை எங்கே குறைவோ அங்கே நுழையுங்கள், முதல் கிண்ணத்துக்கு அது போதும். ஒரு கடையை நீங்களாகத் தேடுவதானால் மெனுவின் நீளத்தைப் பாருங்கள். சுஷி, தாய் கறி, வியட்நாம் சூப் எல்லாவற்றுக்கும் நடுவில் ராமெனும் ஒரு வரியாக இருந்தால் அங்கே சூப் பானை நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. ராமெனும் கியோசா கொழுக்கட்டையும் வறுத்த சோறும் மட்டும் உள்ள கடைதான் நமக்கு வேண்டியது.

பெரும்பாலான ராமென் கடைகளில் முன்பதிவு கிடையாது. வந்தவர் வரிசையில் நிற்க வேண்டியதுதான். மதியம் கடை திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்பது என் பழக்கம். பன்னிரண்டரைக்குப் போனால் அலுவலகக் கூட்டம், சனிக்கிழமை மாலை ஏழுக்குப் போனால் நகரமே வரிசையில் நிற்கும். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் மூடும் கடைகள் உண்டு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் கடைகளும் உண்டு. அதனால் ரயில் ஏறும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் வாக்கில் ரைன் ஆற்றங்கரையில் ஜப்பான் நாள் விழா நடக்கும். வாணவேடிக்கை பார்க்கப் போகலாம், ராமென் சாப்பிட அன்றைக்குப் போகாதீர்கள்.

நான்கு பேருக்கு மேல் கூட்டமாகப் போவதும் வேண்டாம். கடைகள் சின்னவை. இரண்டு பேராகப் போனால் இடம் சீக்கிரம் கிடைக்கும். தனியாகப் போனால் சமையல்கட்டைப் பார்த்தபடி உள்ள நீள மேசையில் உடனே உட்காரவைப்பார்கள். என்னைக் கேட்டால் கடையிலேயே நல்ல இடம் அதுதான். கொதிக்கும் தண்ணீரிலிருந்து கூடையைத் தூக்கி, ஒரே உதறலில் தண்ணீரை வடித்து, சூப்புக்குள் நூடுல்ஸை மடித்து இறக்கும் கையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். தோசை மாஸ்டர் கல்லில் மாவு இழுப்பதை நின்று பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கை பிடித்துப்போகும்.

வாசலில்

சில கடைகளில் வாசலில் ஒரு தாள் இருக்கும். பெயரும் எத்தனை பேர் என்பதும் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில இடங்களில் வெறும் வரிசைதான். உள்ளே காலி நாற்காலி தெரிந்தாலும் நீங்களாகப் போய் உட்காராதீர்கள், கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். கூட வருபவர் இன்னும் வரவில்லை என்றால் வரிசையில் உங்களுக்குப் பின்னால் இருப்பவரை முன்னே விட்டுவிடுங்கள். ஆள் முழுசாக வந்தபின்தான் பல கடைகளில் இடம் தருவார்கள்.

காத்திருக்கும்போதே மெனுவைக் கையில் கொடுத்து ஆர்டர் வாங்கிவிடும் கடைகளும் உண்டு. இது அவசரப்படுத்துவது இல்லை. நீங்கள் உட்காரும் நேரமும் நூடுல்ஸ் வேகும் நேரமும் ஒன்றாகப் பொருந்த வேண்டும் என்ற கணக்கு.

உள்ளே காலை வைத்ததும் சமையல்கட்டிலிருந்து "இரஷ்ஷாய்மசே" என்று எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்வார்கள். வாருங்கள் வாருங்கள் என்று அர்த்தம். புதியவர்கள் திடுக்கிட்டு நின்றுவிடுகிறார்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை, சிரித்துத் தலையசைத்தால் போதும்.

ஆர்டர்: முதலில் சூப்பைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மதுரையிலிருந்து படிக்க வந்த ஒரு பெண், பிறந்ததிலிருந்து சைவம். வந்த முதல் குளிர்காலத்தில் தோழிகளோடு ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். மெனுவில் யசாய் ராமென் என்று இருந்தது. யசாய் என்றால் காய்கறி. படத்திலும் முட்டைக்கோசும் கேரட்டும் முளைகட்டிய பயறும்தான். நிம்மதியாகக் கேட்டு வாங்கிப் பாதி சாப்பிட்ட பிறகுதான் சூப் பன்றி எலும்பில் செய்தது என்று தெரிந்தது. "அக்கா, காய்கறின்னுதானே போட்டிருந்தாங்க" என்று போனில் அழுதாள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஜப்பானிய வழக்கத்தில் யசாய் ராமென் என்றால் மேலே காய்கறி போட்ட ராமென் என்றுதான் பொருள். அடியில் இருக்கும் சூப்பைப் பற்றி அந்தப் பெயர் ஒன்றுமே சொல்வதில்லை. அவளிடம் இதை முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சைவக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இஸ்ட் டீ ப்ரூயெ ஓனெ ஃப்ளைஷ் உண்ட் ஃபிஷ்?" சூப்பில் இறைச்சியும் மீனும் இல்லாமல் இருக்கிறதா என்று பொருள். மீனைச் சேர்த்துக் கேட்பது அவசியம். டாஷி என்ற சாற்றுக்குக் காய்ந்த கட்சுவோ மீன் சீவலைப் போடுவார்கள், அதை இறைச்சிக் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. மெனுவில் "வேகன்" (விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது) என்று தனியாக எழுதியிருந்தால் கவலை இல்லை. இப்போது பல கடைகளில் எள் விழுது, சோயாப் பால், காளான், கடற்பாசி வைத்துச் செய்த வேகன் ராமென் கிடைக்கிறது. நூடுல்ஸ் வேகும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கலாம். மிகக் கண்டிப்பாக இருப்பவர்கள் அதையும் கேளுங்கள்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு: மேலே வைக்கும் சாஷூ என்ற இறைச்சித் துண்டை மட்டும் வேண்டாம் என்று சொன்னால் போதாது. சூப், மேலே மிதக்கும் எண்ணெய், கியோசாவுக்குள் இருக்கும் பூரணம், மூன்றிலும் பன்றி இருக்கலாம். மிசோ ராமெனுக்குக் காய்களைப் பன்றிக் கொழுப்பில் வதக்கும் வழக்கமும் உண்டு. "ஓனெ ஷ்வைன்" என்று சொல்லி, சூப்பையும் கையால் காட்டிக் கேளுங்கள். கோழி சூப் ராமென் உள்ள கடைகள் இருக்கின்றன. ஹலால் பார்ப்பவர்கள் தாரேயில் சேரும் மிரின், சாகே என்ற அரிசி மதுவையும் கணக்கில் எடுக்க வேண்டும். இவர்கள் ஹலால் என்று வெளிப்படையாக அறிவித்த கடையைத் தேடிப் போவதே சரி. மாட்டிறைச்சி ராமெனில் அவ்வளவாக வருவதில்லை. சந்தேகம் இருந்தால் "ரிண்ட்?" என்று கேட்டுவிடலாம்.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவகங்கள் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். கோதுமை, முட்டை, மீன், சோயா, எள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்தும் எண்ணும் இருப்பது அதற்குத்தான். கடைசிப் பக்கத்தில் விளக்கம் இருக்கும். பன்றி, கோழி, மாடு அந்தப் பட்டியலில் வராது, அவற்றை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். பரிமாறுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவார்கள்.

சரி, எல்லாம் சாப்பிடும் ஆள் முதல்முறை எதை வாங்குவது? என் பதில் மிசோ ராமென். ஹொக்கைடோ தீவின் சப்போரோ நகரத்துப் பக்குவம். நம் நாக்குக்குப் பழக்கமான அடர்த்தியும் கொஞ்சம் பூண்டு வாசனையும் அதில் இருக்கும். லேசாக வேண்டும் என்றால் ஷோயு. கூடவே அஜிதாமா என்ற முட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக ஒன்றிரண்டு யூரோ ஆகும், கொடுக்கலாம். ஆறேழு நிமிடம் மட்டும் வேகவைத்து உரித்து, சோயா சாறில் ஊறப்போட்ட முட்டை. வெளியே தேநீர் நிறம். குச்சியால் இரண்டாகப் பிளந்தால் மஞ்சள் கரு கருப்பட்டிப் பாகு போல மெல்ல நகரும், ஓடிவிடாது. அந்தக் கருவில் கொஞ்சத்தை நூடுல்ஸில் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

விலை ஒரு கிண்ணத்துக்குச் சுமாராக 13 முதல் 18 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் குளிர்ந்த தண்ணீர் இலவசமாக வைப்பார்கள். ஜெர்மனியில் தண்ணீரும் காசுதான், பாட்டிலாக வரும். ஒரு தேநீர் சொல்லிவிடலாம். ஆளுக்கு ஒரு கிண்ணம் என்பது வழக்கம்; ஒன்று வாங்கி மூன்று பேர் பகிர்வது இங்கே சரிப்படாது. சின்னக் குழந்தை இருந்தால் "ஐனெ க்ளைனெ ஷூஸல், பிட்டெ" என்றால் சின்னக் கிண்ணம் ஒன்று தருவார்கள்.

கிண்ணம் வந்ததும்

படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான். வீட்டுக்கு வீடியோ காலில் காட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சூப்பில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் நூடுல்ஸ் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொண்டே போகும். ஜப்பானியர் இதை நூடுல்ஸ் "நீண்டுவிட்டது" என்கிறார்கள். தோசையைக் கல்லிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிட வேண்டும் என்று நம் வீட்டில் அம்மாக்கள் விரட்டுவதும் இதே காரணத்துக்குத்தான். பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் வந்தால் அவர் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்களும் காத்திருக்க வேண்டாம். வந்தவுடன் தொடங்குவதே அங்கே மரியாதை.

ஒரு எச்சரிக்கை. மிசோ ராமெனில் ஆவி அதிகம் தெரியாது. சப்போரோவின் பனிக்காலத்தில் சூடு ஆறாமல் இருக்க மேலே கனமான எண்ணெய்ப் படலம் விடுவது அந்த ஊர் வழக்கம். அந்த மூடிக்கு அடியில் சூப் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆறிவிட்டது என்று நினைத்து மடக்கென்று குடித்தால் நாக்கு வெந்துபோகும். கரண்டியில் கொஞ்சமாக எடுத்து ஊதிக் குடியுங்கள்.

முதல் மூன்று கரண்டி சூப்பை எதுவும் சேர்க்காமல் குடிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் வற்புறுத்துவேன். மேசையில் மிளகாய் எண்ணெய், மிளகாய்த்தூள், மிளகு, பூண்டு, வினிகர் இருக்கும். நம் கை தானாக மிளகாய்க்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு நாள் முழுக்கக் கொதித்த சூப்பு. முதலில் உப்பு தெரியும், பிறகு ஒரு இனிப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு நீண்ட ருசி நிற்கும். காய்ந்த கருவாட்டையும் தக்காளியையும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அடிநாக்கில் நிற்குமே, அந்த ருசிக்கு உறவுக்காரன். இதைத் தெரிந்துகொண்டு, பாதிக் கிண்ணம் முடிந்தபின் மிளகாய் போட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் கொழுப்பின் கனம் குறையும்.

வலது கையில் குச்சி, இடது கையில் கரண்டி. இரண்டு குச்சியில் கீழ்க்குச்சி அசையக் கூடாது. கட்டைவிரல் மடிப்பில் அழுத்தி மோதிரவிரலில் தாங்கிக்கொள்ளுங்கள். மேல்குச்சியை மட்டும் பேனாவைப் போலப் பிடித்து அசைக்க வேண்டும். ஐந்தாறு இழைக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். வராவிட்டால் முள்கரண்டி கேட்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் நூடுல்ஸை வெட்டித் துண்டாக்காதீர்கள். நீளமாக உறிஞ்சினால்தான் அது சூப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வாய்க்குள் வரும்.

உறிஞ்சும்போது சத்தம் வரலாம். சர்ரென்று காற்றோடு சேர்த்து இழுத்தால் சூடு தணியும், வாசனை மூக்குக்கு ஏறும். பாயசத்தையும் ரசத்தையும் கையால் உறிஞ்சிக் குடித்தவர்களுக்கு இது புதிதில்லை. சத்தம் போட்டே ஆகவேண்டும் என்றும் இல்லை. டுசல்டோர்ஃபில் ஜெர்மானியர்கள் பலர் சத்தமில்லாமல்தான் சாப்பிடுகிறார்கள்.

குச்சி விஷயத்தில் இரண்டை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது; அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. ஜப்பானில் தகனம் முடிந்தபின் உறவினர்கள் எலும்பைக் குச்சியால் எடுத்து, குச்சியிலிருந்து குச்சிக்கு மாற்றிக் கலசத்தில் இடுவார்கள். எலும்பு பொறுக்கும் சடங்கு நம்மிடமும் இருப்பதால், சாப்பாட்டு மேசையில் அந்தக் காட்சி அவர்களை ஏன் உறுத்தும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட வந்தவருக்கு ஒரு துண்டு கொடுக்க ஆசையா, சின்னத் தட்டில் வைத்துத் தள்ளுங்கள்.

டோன்கொட்சு வாங்கியவர்கள் நூடுல்ஸ் தீர்ந்து சூப் மிச்சமிருந்தால் கயேதமா கேட்கலாம். நூடுல்ஸ் மட்டும் இன்னொரு முறை வேகவைத்து மிச்ச சூப்பில் போடுவார்கள். ஹகாட்டா பாணிக் கடைகளில் இது வழக்கம், கொஞ்சம் காசு கூடுதலாகும். சூப்பில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சூப்பை முழுக்கக் குடிக்க வேண்டுமா? கட்டாயமே இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தால் ஒரு கிண்ணத்திலிருந்து 5 கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போகலாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 5 கிராமுக்குள்தான். ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போனால் நூடுல்ஸும் முட்டையும் காயும் சாப்பிட்டுச் சூப்பைக் கிண்ணத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள். ஜப்பானியர்களே பலர் அப்படித்தான் விடுகிறார்கள்.

மிச்சத்தைப் பொட்டலம் கட்டலாமா என்று கேட்கிறார்கள். கியோசாவைக் கட்டலாம். ராமெனைக் கட்டினால் வீடு போய்ச் சேரும்போது கூழாகியிருக்கும்.

எழுந்திருக்கும் நேரம்

கல்யாணப் பந்தியில் நாம் பாயசத்துக்கு வரும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நிற்பார். ராமென் கடையும் அந்தக் கணக்குத்தான். இங்கே யாரும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க மாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே குளிரில் நிற்பார்கள். சாப்பிட்டு முடித்து ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். பேச வேண்டியதை மாரியன்ஷ்ட்ராஸெயில் உள்ள ஜப்பானிய ரொட்டிக்கடைக்குப் போய், சிவப்புப் பயறு விழுது வைத்த பன்னோடு பேசலாம்.

பணம் கொடுக்க "ட்ஸாலென், பிட்டெ" என்று சொன்னால் வருவார்கள், அல்லது வாசல் பக்கத்துக் கல்லாவில் கொடுப்பீர்கள். சேர்த்தா தனித்தனியாகவா என்று கேட்பார்கள்: "ட்ஸுஸாமென் ஓடர் கெட்ரென்ட்?" அட்டை வாங்காத கடைகள் இந்த நாட்டில் இன்னும் இருக்கின்றன, கையில் 30 யூரோவாவது ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் டிப்ஸ் கிடையாது, ஜெர்மனியில் உண்டு. 5 முதல் 10 சதவீதம் வரை சேர்த்து, கொடுக்கும் மொத்தத் தொகையைச் சொல்லிவிட வேண்டும். பில் 16.50 என்றால் "18" என்று சொல்லி 20 யூரோ நோட்டை நீட்டினால் இரண்டு யூரோ திரும்பி வரும். மேசையில் காசை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இங்கே அவ்வளவாக இல்லை.

நீள மேசையில் உட்கார்ந்திருந்தால் கிண்ணத்தைச் சற்று உயரமான மேல்தட்டில் தூக்கி வைத்து, உங்கள் இடத்தைத் துணியால் ஒரு முறை துடைத்துவிடுவது ஜப்பானியப் பழக்கம். கட்டாயமில்லை, ஆனால் சமையல்காரர்கள் கவனிப்பார்கள். வாசலைத் தாண்டும் முன் "கொச்சிசோசமா தெஷிதா" என்று சொல்லுங்கள். சாப்பாடு கொடுத்ததற்கு நன்றி என்ற பொருளில் சொல்வது. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் சிசோ என்பதன் நேர்ப்பொருள் ஓடியாடுவது. விருந்தாளிக்குப் படைக்க வேண்டியதைத் தேடி ஓடிய அலைச்சல். மதுரைப் பெண்ணை அடுத்த வருடம் வேகன் ராமென் உள்ள கடைக்கு நானே கூட்டிப்போனேன். சூப்பைப் பற்றி அவளே ஜெர்மனில் கேட்டாள். பரிமாறியவர் சமையல்கட்டுக்குப் போய்க் கேட்டுவந்து பதில் சொன்னார். கிளம்பும்போது அவள் வாசலில் நின்று இந்த வார்த்தையைச் சொன்னதும், அடுப்புக்கு முன்னால் முதுகு காட்டி நின்றிருந்த பெரியவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிக் குனிந்து வணங்கினார்.

இன்னொன்று: குளிர்காலத்தில் போனால் நல்ல கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். சூப் வாசனை மூன்று நாள் போகாது.